காற்றை முதுகில் வாங்கி இறங்கியவர்

நம் தலைமை விமானி இறந்துவிட்டார். வாலின் ஒரு பாதி உடைந்த சரக்கு விமானத்தை அவர் ஓடுபாதையில் கொண்டுவந்து இறக்கினார். இறங்கிய விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் வடிகால் சுவரில் மோதியது. உள்ளே மூன்று பேர் இருந்தோம். இரண்டு பேர் நடந்து வெளியே வந்தோம். நடந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் நீங்கள் வெளியே கேட்டதெல்லாம் கண், காது, மூக்கு வைத்துச் சேர்த்த கதை.

மேடையில் வீற்றிருக்கும் விமான நிலைய மேலாளர் அவர்களே, விமானிகள் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து சுவரோரம் நிற்கும் சுமை தூக்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் வியாபாரி. மூட்டை தூக்கிப் பிழைப்பைத் தொடங்கி, மூட்டை தூக்க விமானம் வாங்கியவன். சரக்கு நல்லதா கெட்டதா என்று பிரித்துக் காட்டத்தான் தெரியும். இன்றைக்கும் அதைத்தான் செய்யப் போகிறேன்.

ஊரில் ஒரு கேள்வி உலவுகிறது. இந்த மண்டபத்திலேயே இரண்டு வரிசையில் அது முணுமுணுக்கப்பட்டது. என் காது கூர்மை. விமானம் காற்றை எதிர்கொண்டுதான் இறங்க வேண்டும், இது பறக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். இத்தனை அனுபவசாலி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து ஏன் இறங்கினார்? தப்புக் கணக்குப் போட்டுத் தன் உயிரைத் தானே தொலைத்தாரா? ஊரார் கேட்டால் போகிறது என்று விடலாம். அவருடைய மகள் கேட்டாள். விமானப் பயிற்சிக்குச் சேர வேண்டிய பெண். சேர்வதா வேண்டாமா என்று தெரியாமல், முந்தாநாள் என் அலுவலகப் படியில் வந்து உட்கார்ந்து, "அப்பா தப்பு பண்ணிட்டாரா சித்தப்பா?" என்றாள்.

அப்போது நான் பதில் சொல்லவில்லை. நாலு சுவருக்குள் சொன்னால் அது ஆறுதல். நாலு பேர் நடுவில் சொன்னால்தான் சாட்சி. அதனால்தான் இங்கே நிற்கிறேன்.

அவரை நாம் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சுமை தூக்கும் தோழர்கள் வைத்த பெயர் நிதானம். முதலில் கேலியாக வைத்த பெயர்தான். ஏறும் முன் விமானத்தை ஒரு சுற்று சுற்றுவார். சுற்றி முடித்ததும் எதிர்த் திசையில் இன்னொரு சுற்று. "பொண்ணு பார்க்க வந்தவரு கூட இவ்வளவு நேரம் பார்க்கமாட்டாருய்யா" என்று தோழர்கள் அலுத்துக்கொள்வார்கள். அது அவர் காதிலும் விழும். "கட்டிக்கிட்டு வாழப் போறது நான்தானே" என்று சொல்லிவிட்டு மூன்றாவது சுற்றுக்குப் போவார். கேலியாக வைத்த பெயர் போகப் போகப் பட்டமாயிற்று. தலைமை விமானி நிதானம் அவர்கள்! அந்தப் பெயரைச் சொன்னால் சரக்குக் கொட்டகையில் சிகரெட்டை அணைக்காதவர் உண்டா?

என்னிடம் வேலை கேட்டு வந்த அன்று நான் சம்பளத்தைப் பேசினேன். அவர் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சம்பளம் எங்கே போகுது முதலாளி. சரக்கை எப்படி அடுக்குறீங்க, அதை முதல்ல காட்டுங்க" என்றார். ஒவ்வொரு பெட்டியையும் காலால் லேசாகத் தள்ளிக் கனம் பார்த்தார். சுமை தூக்கியவனுக்குத்தான் அந்தக் கால் வரும் என்று நினைத்திருந்தேன். விமானி ஒருவருக்கு வந்ததை அன்றுதான் பார்த்தேன். பேரம் பேசாமல் நான் சம்பளம் ஒப்புக்கொண்ட ஒரே மனிதர் அவர்.

பேரம் பேசியது வேறொன்றுக்கு. வெறும் விமானமாகத் திரும்பும் நாட்களில், நல்ல உயரத்துக்குப் போனதும் அவர் கையைக் கட்டிக்கொள்வார். மூக்கைத் தூக்கி இறக்கும் பிடியைத் தொடமாட்டார். இரண்டு இஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மட்டுமே ஏறுவார், இறங்குவார், திரும்புவார். பக்கத்தில் இருக்கும் துணை விமானியையும் அப்படியே செய்யச் சொல்வார். இந்தச் செய்தி எனக்கு எரிபொருள் கணக்கில் வந்தது. கேட்டேன். நான் கேட்டது நியாயமான கேள்விதான். "பிடி ஒருநாள் கையோட வந்துடும்னு வைங்க. அன்னிக்குப் போய் கத்துக்க முடியாது" என்றார். அதுவும் நியாயமான பதில்தான். மாதம் ஒருமுறை என்று முடித்துக்கொண்டோம். அவர் இரண்டு கேட்டார், நான் ஒன்றுமில்லை என்றேன், ஒன்றில் நின்றது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

பம்பு மோட்டார்கள் ஏற்றியிருந்தோம். ஒவ்வொன்றும் மரப்பெட்டியில் அடைத்தது. ஆள் ஒருவர் மூச்சைப் பிடித்தால் தூக்கலாம். நான் விமானியறைக்குப் பின்னால் மடக்கு இருக்கையில் இருந்தேன். எதிர்முனையில் ஒரு கொள்முதல் பேச வேண்டியிருந்தது. சொந்த விமானம் போகும்போது டிக்கெட் வாங்குபவன் வியாபாரியா?

ஓடுபாதையை விட்டு மேலெழும்பும்போது இடப்பக்கச் சக்கரத்தின் டயர் வெடித்தது. டயர் வெடித்தால் பெரிய விஷயமில்லை. ஆனால் பிய்ந்த ரப்பர் பட்டை சாட்டையடி போலப் பின்னால் பறந்து வாலில் விழுந்தது. வாலின் இரு பக்கமும் சின்ன இறக்கை மாதிரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்விளிம்பு மேலும் கீழும் அசைந்துதான் விமானத்தின் மூக்கைத் தூக்குகிறது, இறக்குகிறது. இடப்பக்கத்துச் சின்ன இறக்கையில் பாதியைக் காணோம். வலப்பக்கம் இருந்தது, ஆனால் அதை அசைக்கும் இணைப்பு அறுந்துவிட்டது.

துணை விமானி பிடியை இழுத்துப் பார்த்தார். கிணற்றில் வாளி அறுந்து விழுந்த பிறகு கயிற்றை இழுத்தால் எப்படி வரும்? அப்படி வந்தது. "சார், பிடி செத்துப் போச்சு" என்றார்.

மூக்கு இறங்கத் தொடங்கியது. கண்ணாடி முழுக்க வயல் தெரிந்தது. இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? கத்துவோம். குலதெய்வத்தைக் கூப்பிடுவோம். நிதானம் அவர்கள் இஞ்சின் நெம்புகோல்களைக் கொஞ்சம் முன்னே தள்ளினார். தள்ளிவிட்டுச் சும்மா இருந்தார். வேகம் ஏற ஏற, மூக்கு தானாக மேலே வந்தது. வந்தது நிற்கவில்லை, வானத்தைப் பார்க்கப் போனது. இப்போது நெம்புகோலைக் கொஞ்சம் பின்னே இழுத்தார். மறுபடி இறக்கம், மறுபடி ஏற்றம். கடலில் படகு போவது போல, ஆனால் ஒவ்வொரு அலையும் ஒரு மலை.

"என்ன போச்சுன்னு அப்புறம் பேசுவோம்மா. என்ன இருக்குன்னு சொல்லு" என்றார்.

துணை விமானி சொன்னார். இரண்டு இஞ்சினும் இருக்கிறது. இறக்கையின் ஓரத் தகடுகள் வேலை செய்கின்றன, சாய்த்துத் திரும்பலாம். நிமிர்ந்து நிற்கும் வால் இருக்கிறது. எரிபொருள் நிறைய இருக்கிறது.

"ஒண்ணை விட்டுட்டே. பின்னால முதலாளி இருக்காரு" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "உங்க எடை எவ்வளவு முதலாளி?"

"எழுபத்தஞ்சு."

"நான் தராசுல நிக்கிற எடையைக் கேட்டேன்."

"எண்பத்திமூணு."

"வியாபாரத்துல குறைச்சுச் சொல்லுங்க, இங்கே வேண்டாம். பெட்டி?"

"முப்பது."

"அதையாவது நிஜமா சொன்னீங்க. சரி. முன்னால இருக்கிற பெட்டியை ஒவ்வொண்ணா வாலுக்குத் தள்ளுங்க. நான் சொல்லும்போது நிறுத்துங்க."

கணக்கு இதுதான். வால் பாதி போனதால், பின்பக்கத்தை அமுக்கிப் பிடிக்கும் பலம் குறைந்து மூக்கு கனத்துவிட்டது. தகட்டால் செய்ய வேண்டியதை இனிமேல் சரக்கால் செய்ய வேண்டும். சொல்வது எளிது. ஆனால் சரக்கறையில் நடக்க வழி எது? இடம் விட்டால் காசு போகும், எந்தச் சரக்குக்காரனும் சுவரோடு சுவராகத்தான் அடுக்குவான். கூரைக்கும் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதில் வயிற்றால் ஊர்ந்து, வலையை அவிழ்த்து, ஒரு பெட்டியை எனக்கு முன்னே தள்ளி, அதன் பின்னால் நான் ஊர்ந்து, வாலில் கொண்டுபோய்ச் சேர்த்து, திரும்பி வந்து அடுத்தது. விமானியறையோடு பேசும் கருவியை என் காதில் மாட்டிவிட்டிருந்தார்கள். அதன் கம்பி பெட்டி ஆணியில் எல்லாம் மாட்டிக்கொண்டது.

இங்கே நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். மூக்கு இறங்கும்போது என் உடம்புக்கு அது தெரிந்தது. பின்னால் கனம் வேண்டும் என்று பதறி, பெட்டியோடு வாலுக்குப் பாய்ந்தேன். நான் போய்ச் சேருவதற்குள் மூக்கு தானாக ஏறத் தொடங்கிவிட்டது. என் கனமும் சேர்ந்துகொள்ள, விமானம் அண்ணாந்தது. இறக்கைகள் நடுங்கின. இஞ்சின் சத்தம் மாறியது. "ஐயோ" என்று அவசரமாக முன்னால் ஊர்ந்தேன். அதற்குள் அது இறங்க ஆரம்பித்திருந்தது. முன்னைவிடப் பெரிய பள்ளம்.

காதில் அவர் குரல், கடையில் விலை கேட்கும் ஆளின் குரல் போல: "முதலாளி, சந்தையில விலை இறங்குறப்போ என்ன பண்ணுவீங்க?"

"விக்கமாட்டேன். உட்கார்ந்திருப்பேன்."

"ஏன்?"

"அதுவே ஏறும்."

"அப்போ உட்காருங்க."

உட்கார்ந்தேன். இறக்கத்தில் உட்கார்ந்தேன், ஏற்றத்தில் உட்கார்ந்தேன். பற்களைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் தெரிந்தது. விமானம் சமமாகும் அந்தச் சின்ன நேரத்தில் மட்டும் ஒரு பெட்டி. பிறகு காத்திருத்தல். பிறகு ஒரு பெட்டி. மலைகள் மேடாகின, மேடுகள் வரப்பாகின. ஒரு கட்டத்தில் "போதும், அங்கேயே கட்டிப் போடுங்க" என்றார். கட்டாமல் விட்டால் இறங்கும்போது அத்தனை பெட்டியும் முன்னால் பாய்ந்து விமானியறையை நசுக்கிவிடும். கயிற்றை முடிச்சுப் போட்டது என் கை இல்லை. மூட்டை தூக்கிய காலத்துக் கை.

அருகில் ஒரு சின்ன விமானத்தளம் இருந்தது. அங்கே ஏன் இறங்கவில்லை என்றும் கேட்கிறார்கள். அதன் ஓடுபாதை குட்டை. நமக்கு வேகத்தைக் குறைக்க வழியில்லை, குறைத்தால் மூக்கு விழும். அதைத் தாண்டி நம் ஊருக்கே திருப்பினார். திருப்பம் என்றால் எப்படி? ஒரு மாவட்டத்தையே சுற்றி வருகிற அளவுக்கு அகலமான திருப்பம். சரித்துத் திருப்பினால் மூக்கு மறுபடி விழும்.

வரும் வழியில் அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். காதுக் கருவியில் நான் கேட்டதையும் துணை விமானி பிறகு சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன். கீழே வெள்ளை மேகம் பாய் விரித்தது போலக் கிடந்தது. "அந்த மேகத்தோட தலைதான் தரை. இறங்கிப் பார்ப்போம்மா" என்றார். தரையிறங்குவதை மேகத்தின் மேல் ஒத்திகை பார்த்தார்! புதிதாக எதைச் செய்வதானாலும் உயரத்தில் வைத்தே விமானத்திடம் கேட்டுவிட வேண்டும், சண்டை வந்தால் சமாதானம் பேச இடம் இருக்கும் என்பது அவர் வழி. சக்கரங்களை அங்கேயே கீழே விட்டார். மூக்கு ஆழமாகக் குனிந்தது, நிமிர வெகுநேரம் பிடித்தது. அதே காரியத்தைத் தரைக்குப் பக்கத்தில் செய்திருந்தால் இன்று மூன்று படங்களுக்கு மாலை போட்டிருப்பீர்கள்.

முதல் ஒத்திகையில் மேகத்துக்குள் மூக்கால் குத்தினோம். "செத்தோம்" என்றார் துணை விமானி. "ஆமா. இன்னொரு தடவை" என்றார் அவர். இரண்டாவதில் துணை விமானியின் கை பழக்கத்தில், இறங்கும்போது இறக்கைத் தகட்டை விரிக்கும் நெம்புகோலுக்குப் போனது. அவர் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார். "வேண்டாம்மா. வந்திருக்கிற சமாதானத்தைக் கெடுக்காதே." மூன்றாவதில், மேகத்தைத் தொடும் நேரத்தில் இஞ்சினுக்குக் கொஞ்சம் வேகம் கொடுத்தார். மூக்கு ஒரு விரல்கடை தூக்கியது. மேகத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போனோம்.

நம் ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தது. இனி நான் சொல்வதற்குச் சாட்சி உண்டு. அன்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்த அதிகாரி இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். காற்றை எதிர்கொண்டு, வழக்கமான பக்கத்திலிருந்து இறங்கச் சொன்னார். அது சரியான யோசனைதான். எரிபொருள் வண்டிகளை அப்பால் ஓட்டிவிட்டார்கள், ஆட்களை அப்புறப்படுத்திவிட்டார்கள்.

நிதானம் அவர்கள் ஜன்னல் வழியே கீழே பார்த்தார். இடப்பக்கச் சக்கரத்தில் டயர் நார் நாராகத் தொங்கியது. தரையில் பட்டதும் விமானம் இடப்பக்கம்தான் இழுக்கும். கோபுரத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பக்கமா வந்தா, எனக்கு இடது கைப்பக்கம் என்ன இருக்கு?"

கோபுரம் சொன்னது: "எரிபொருள் தொட்டி, கேப்டன். நாலு. அதுக்குப் பின்னால காம்பவுண்டு சுவர்."

சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நம் எல்லோருக்கும் தெரியும். தொழிலாளர் குடியிருப்பு. இங்கே சுவரோரம் நிற்கும் தோழர்களின் வீடுகள். வண்டியை ஓட்டிவிடலாம், ஆளை விரட்டிவிடலாம். தொட்டியை எங்கே தூக்கிப் போவது?

"எதிர்ப்பக்கமா வர்றேன்" என்றார்.

"சார், காத்து பின்னால இருந்து தள்ளும். அந்தப் பக்கம் இடதுல வடிகால் இருக்கு, கான்கிரீட்" என்றார் துணை விமானி.

"தெரியும்மா. அது நம்மளை மட்டும்தான் அடிக்கும்."

அவையோரே, விமானத்தில் தலைமை விமானி எந்தப் பக்கம் உட்காருவார் என்று உங்களுக்குத் தெரியும். இடப்பக்கம். நம்மளை என்றார் அவர். அந்தச் சொல்லில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கு, சரக்கறையின் வாலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு உறைக்கவில்லை. என்னை வலப்பக்கமாக நகர்ந்து கட்டிக்கொள்ளச் சொன்னார். எடைக்காகச் சொல்கிறார் என்று நினைத்து நகர்ந்தேன்.

இறங்கினோம். காற்று முதுகில் கையை வைத்துத் தள்ளியது. ஓடுபாதை கீழே ஓடிய வேகத்தில் அதன் கோடுகள் ஒன்றாகிவிட்டன. மூக்கு இறங்கியது, அவர் காத்திருந்தார். "சார்" என்றார் துணை விமானி. இன்னும் காத்திருந்தார். பிறகு இஞ்சின் ஒரு மூச்சு விட்டது, மூக்கு அந்த விரல்கடை தூக்கியது, வலச்சக்கரம் தொட்டது. இடப்பக்க இறக்கையை எவ்வளவு நேரம் தூக்கிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு நேரம் பிடித்தார். அது விழுந்ததும் இரும்பு தரையில் உராயும் சத்தம். கட்டிய பெட்டிகளில் ஒன்றுகூட நகரவில்லை. விமானம் இடப்பக்கம் இழுத்தது. அவர் எதிர்பார்த்த இடத்தில், அவர் எதிர்பார்த்தபடி இழுத்தது. பிறகு சுவர்.

தீப்பிடிக்கவில்லை. ஏன் என்று பிறகு பார்த்தார்கள். மோதுவதற்கு முன் இரண்டு இஞ்சினுக்கும் எரிபொருளை அடைத்திருந்தார். அடைத்த குழாய்த் திருகின் மேல் அவர் கை இருந்தது.

மகளே, நீ கேட்டாய். இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். அப்பா தப்புப் பண்ணவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தே முதுகில் வாங்கினார். வழக்கமான பக்கத்திலிருந்து இறங்கியிருந்தால் அவர் உயிரோடு இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம்தான், பொய் சொல்லமாட்டேன். அல்லது நாலு தொட்டியும், சுவரும், சுவருக்குப் பின்னால் மதியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த வீடுகளும் போயிருக்கலாம். இந்த இரண்டில் எது என்று போட்டுப் பார்க்கும் சூதாட்டத்துக்கு அவர் வரவில்லை. பறக்கப் போவதா வேண்டாமா என்பது உன் முடிவு, உன் அம்மாவின் முடிவு. ஆனால் அப்பா மேல் சந்தேகப்பட்டு வேண்டாம் என்று சொல்லாதே. அந்தக் காரணம் செல்லாத காசு.

தலைமை விமானி நிதானம் அவர்களுக்கு என்ன செய்யப் போகிறோம்? சிலை வைக்கலாம் என்று மேடையில் ஒருவர் சொன்னார். வையுங்கள், நான் தடுக்கவில்லை. என் பங்குக்கு வேறொன்றை முடித்துவிட்டு வந்திருக்கிறேன். இன்று காலை துணை விமானி கையில் கட்டோடு என் கொட்டகைக்கு வந்தார். கை ஆறியதும் மறுபடி என் விமானத்தை ஓட்ட அவர் தயார். ஆனால் ஒரு நிபந்தனை.

"சரக்கறைக்கு நடுவுல நடக்குறதுக்கு வழி விடணும் முதலாளி. முன்னாலயிருந்து வால் வரைக்கும். ஆள் நிமிர்ந்து நடக்கணும், பெட்டியோட நடக்கணும்."

"எவ்வளவு அகலம்?"

"என் ரெண்டு கையையும் விரிச்ச அகலம்."

"அவ்வளவு விட்டா நான் காத்தைத்தான் ஏத்திக்கிட்டுப் போகணும். ஒரு பெட்டி அகலம்."

"பெட்டியைத் தூக்குற ஆள் எங்கே போவாரு? பெட்டியோட தலைமேலயா?"

"சரி, பெட்டியும் ஒரு முழமும்."

"பெட்டியும் ஒரு முழமும். ரெண்டு பக்கமும் வலை தனித்தனியா அவிழணும். அன்னிக்கு மாதிரி ஒண்ணை அவிழ்த்தா எல்லாம் அவிழக்கூடாது."

"சரி."

"சீசன் வந்துடுச்சு, ஆர்டர் குவிஞ்சுடுச்சுன்னு வழியில பெட்டி வைக்கச் சொல்லக்கூடாது. வைச்சா நான் ஏறமாட்டேன். மத்த விமானிகளும் ஏறமாட்டாங்க. சம்பளம் பிடிக்கக்கூடாது."

நான் பேரம் பேசிப் பார்த்தேன். பேசாமல் இருந்தால் அது நானில்லை. அவர் ஓர் அங்குலமும் இறங்கவில்லை. யாரிடம் கற்றுக்கொண்டார் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே இந்த அவையின் முன் சொல்லிவிடுகிறேன். இனி நான் பின்வாங்க முடியாது. என்னிடம் இருக்கும் எல்லா விமானத்திலும் ஒரு பெட்டியும் ஒரு முழமும் அகலத்துக்கு நடுவழி. வலை இரண்டு பக்கமும் தனி. வழியில் பெட்டி வைத்தால் விமானி ஏறவேண்டாம், அன்றைய சம்பளம் முழுதாக உண்டு. இதனால் ஒவ்வொரு பயணத்திலும் பதினெட்டுப் பெட்டிச் சரக்கு குறையும். அந்த வாடகையை வாடிக்கையாளர் தலையிலும் கட்டமாட்டேன், தோழர்களின் கூலியிலும் பிடிக்கமாட்டேன். பதினெட்டுப் பெட்டியும் என் கணக்கு.